வீட்டுக் குழு (தென்னாப்பிரிக்கா, டர்பன்): ப்ளூ லகூனில் டிக்கி திறந்த கதை

சாந்தி: கோபால் அண்ணே, முழிச்சிருக்கீங்களா? தினேஷும் அவன் கூட்டாளியும் ப்ளூ லகூன்ல காரை ஓரமா நிறுத்திட்டு பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தினது) சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க. போலீஸ் வந்து டிக்கியில இருந்த எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துட்டுப் போயிருக்கு. பையன் முகமே சரியில்ல.

கோபால்: கை வச்சாங்களா? எதையாவது எடுத்துட்டுப் போனாங்களா?

தினேஷ்: இல்ல மாமா. கிரிக்கெட் பையைப் புல்லுல கொட்டினாங்க. ஒண்ணும் கிடைக்கல, போயிட்டாங்க.

சாந்தி: புரட்டாசியில மட்டன் பன்னியாடா சாப்பிட்டே?

தினேஷ்: பீன்ஸ் பன்னிம்மா!! இப்ப அதுவா முக்கியம்

கோபால்: என்ன கேட்டாங்க? அப்படியே சொல்லு.

தினேஷ்: "பின்னாடி பார்க்கலாமா, ஒளிக்க ஒண்ணும் இல்லையே?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. கார் கூட்டாளியோடது. "பாருங்க"ன்னு சாவியை நீட்டிட்டான்.

கோபால்: அங்கேயே முடிஞ்சுபோச்சு. அது உத்தரவு இல்லடா, சம்மதம் கேக்கறது. 1977ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 22ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாம சோதனை போடணும்னா ஒண்ணு நீ சம்மதிக்கணும். இல்லேன்னா, கேட்டா வாரண்ட் கிடைக்கும், ஆனா அதுக்குள்ள பொருள் கை மாறிடும்னு நம்ப நியாயமான காரணம் இருக்கணும். பீன்ஸ் பன்னி வாசனை காரணம் ஆகாது 😄

ராஜு: முடியாதுன்னு சொன்னா உள்ள தூக்கிப் போட மாட்டாங்களா அண்ணே?

கோபால்: சொல்ற விதம் இருக்கு. கை ரெண்டும் ஸ்டியரிங் மேல தெரியற மாதிரி வச்சுக்கிட்டு, "என்ன சந்தேகம் ஆபீசர்? நான் சம்மதிக்கல"ன்னு நிதானமா சொல்லணும். அதுக்கு மேலயும் திறந்தா திறக்கட்டும், குறுக்க போய் நிக்காதே. தடுத்தா அது தனி கேஸ். வெருலம் கோர்ட்ல மொழிபெயர்ப்பாளரா நின்ன காலத்துல பார்த்திருக்கேன், கிடைச்ச பொருளை விட்டுட்டு, சம்மதிச்சானா இல்லையான்னே பாதி நாள் வாதம் ஓடும்.

மீனா: மாமா, நாங்க பொண்ணுங்க மட்டும் கார்ல இருந்தா?

கோபால்: உங்களைத் தொட்டுச் சோதிக்கணும்னா பெண்தான் சோதிக்கணும், 29ஆம் பிரிவு. யூனிஃபார்ம் இல்லாம வந்தா கதவைப் பூட்டியே வை, கண்ணாடியை விரல் அளவு இறக்கி கார்டு கேளு. போலி போலீஸ் இங்க புதுசா?

மீனா: சரி மாமா. ரோடு பிளாக்லயும் இதேதானா?

கோபால்: அங்க சட்டம் வேற. கமிஷனர் எழுத்து மூலமா அனுமதிச்ச ரோடு பிளாக்ல வாரண்டே வேண்டாம். ஆனா அந்த அனுமதி நகலைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம், காட்டித்தான் ஆகணும்.

ராஜு: நமக்கு இந்தத் தொல்லையே இல்ல. பீச்ல ரெண்டு பீர் போட்டா ஓட்டவே மாட்டேன், கார்லயே தூங்கிடுவேன்.

கோபால்: ஏசி போட்டுக்கிட்டா?

ராஜு: டர்பன் வெயிலுக்கு வேற எப்படி

கோபால்: மாட்டினே. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 65ஆம் பிரிவு. வண்டி நகரவே வேண்டாம். இன்ஜின் ஓடுது, நீ டிரைவர் சீட்ல இருக்கே, ரத்தத்துல 100 மில்லிக்கு 0.05 கிராம், அது போதும். பொதுஜனம் வந்துபோற பார்க்கிங்கும் சட்டத்துக்கு ரோடுதான். இன்ஜினை அணைச்சுட்டு பின்சீட்ல படு.

சாந்தி: நல்ல மாசத்துல பீர் பேச்சு வேற. படு ராஜு, வீட்டுல வந்து படு.

ராஜு: 🙈 சரி அண்ணி

தினேஷ்: மாமா, போகும்போது ஒருத்தர் "கூல்டிரிங்குக்கு ஏதாவது"ன்னு கேட்டார். காசு இல்லேன்னுட்டோம்.

கோபால்: இதை முதல்லயே சொல்றதில்லையா! கொடுத்திருந்தா 2004 ஊழல் சட்டப்படி உங்க மேலயும் குத்தம். வண்டி நம்பர் பார்த்தியா?

தினேஷ்: கூட்டாளி போன்ல போட்டோ இருக்கு. பேட் கைப்பிடியும் விரிஞ்சுபோச்சு.

கோபால்: பேட்டுக்கு ஸ்டேஷன் கமாண்டர்கிட்ட எழுதிக் கொடுக்கலாம். லஞ்சம் கேட்டது, அடிச்சதுன்னா ஐபிட், அதான் போலீஸ் மேல வர்ற புகாரைப் பார்க்கற அமைப்பு, விசாரிக்கும். நேரம், இடம், என்ன பேசினாங்க, எல்லாம் இப்பவே எழுதி வை, காலையில பாதி மறந்துடும். அந்தப் போட்டோவை எனக்கு மட்டும் அனுப்பு, குழுவுல போடாதே. பத்து மணிக்கு வீட்டுக்கு வா, ரெண்டு பேரும்.

தினேஷ்: சரி மாமா

கோபால்: ஸ்லிப்பர் போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு வராதீங்க.