அப்பாவின் வலது தோள்

குழு: சங்கரன்கோவில் வீடு

செல்வி, காலை 6:42
எல்லாருக்கும் வணக்கம். நேற்று திருநெல்வேலியில் அப்பாவை நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டு ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். தனித்தனியாகப் போன் பண்ணிச் சொல்லத் தெம்பில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன். அப்பாவுக்கு வந்திருப்பது பார்க்கின்சன், நடுக்குவாதம் என்பார்களே, அந்த நரம்பு வியாதி. ஒன்றரை வருஷமாகத் தோளுக்கு வைத்தியம் பார்த்தோமே, அந்த இறுக்கமே இதனால் வந்ததாக இருக்கலாம் என்கிறார்.

லட்சுமி அத்தை, 6:51
ஏட்டி, என்ன சொல்லுதே? அண்ணனுக்குக் கை நடுக்கமே கிடையாதே. கோயில் கொடைக்கு வந்தப்போ காபி டம்ளரைச் சொட்டுச் சிந்தாமல் பிடித்திருந்தாரே.

செல்வி, 6:58
நானும் அதைத்தான் கேட்டேன் அத்தை. எல்லாருக்கும் நடுக்கத்தில் ஆரம்பிக்காதாம். சிலருக்கு இறுக்கமும் மந்தமும்தான் முதலில் வரும். டாக்டர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார், என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இடது கை வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. வலது கை பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டுத் தட்டுகிறது. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். இடது கை படபடவென்று தட்டியது. வலது கை நாலைந்து தட்டிலேயே சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நின்றே போனது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

முருகன் சித்தப்பா, 7:10
அழாதே செல்வி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அண்ணனுக்கு 12 வருஷமாகச் சுகர். சுகர் இருந்தால் தோள் இறுகும் என்றுதானே எலும்பு டாக்டர் சொன்னார்? அவர் சொன்னது தப்பா?

நித்யா, 7:24
தப்பில்லை அப்பா. சுகர் உள்ளவர்களுக்குத் தோள் உறைந்துபோவது என் வேலையில் நான் தினமும் பார்க்கிற விஷயம். அந்தக் காரணம் கையிலேயே இருந்ததால்தான் யாரும் அதற்கு மேலே தேடவில்லை. நானும் தேடவில்லை. தீபாவளிக்கு வந்தபோது பெரியப்பாவின் தோளை நானேதான் தொட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். வாசல் வரை நடந்து காட்டுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கை வீசாதது தெரிந்திருக்கும். அது என் மனதை அறுக்கிறது.

நித்யா, 7:31
நடப்பது இதுதான். உடம்பின் அசைவைச் சீராக வைத்துக்கொள்ள மூளைக்கு டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கிற செல்கள் குறையும்போது தசை தளரவே தளராது. நடக்கும்போது தானாக வீச வேண்டிய கை வீசாது. மாதக்கணக்கில் அப்படிச் சும்மா தொங்கினால் தோள் மூட்டைச் சுற்றியிருக்கிற உறை சுருங்கி இறுகிவிடும். அப்புறம் வலி. வலிக்குப் பயந்து அசைப்பது இன்னும் குறையும். நரம்பில் ஆரம்பித்தது மூட்டு வியாதியாகவே ஆகிவிடும். பெரியப்பாவுக்குச் சுகரும் சேர்ந்துகொண்டது.

பாஸ்கர், 8:05
இப்போதுதான் பார்த்தேன். அக்கா, பேங்கில் அப்பாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு தடவை செக் திரும்பி வந்ததே, அதுவும் இதனாலா?

செல்வி, 8:12
ஆமாம்டா. டாக்டர் அவருடைய பேரை எழுதச் சொன்னார். முதல் இரண்டு எழுத்து சரி. கடைசி எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. கரும்பலகையில் அப்பா எழுதினால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும் என்பார்களே, அந்தக் கை. தோள்வலியால் எழுத முடியவில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செல்வி, 8:16
இன்னொன்று. வாசனை தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். அம்மா உடனே, அடுப்பில் பால் தீய்ந்தால்கூட இவருக்குத் தெரிவதில்லை, மூன்று நாலு வருஷமாக இப்படித்தான் என்றார்கள். மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கையை ஓங்குவது, இதையெல்லாம் வயசு என்று விட்டுவிட்டோம். கை இறுகுவதற்குப் பல வருஷம் முன்பே இதெல்லாம் வரலாமாம்.

லட்சுமி அத்தை, 8:40
எங்கள் தெருவில் ஒருத்தருக்கு நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதைச் சூரணம் கொடுத்தார்கள், நல்லா இருக்கிறார். அண்ணனுக்கும் வாங்கி அனுப்பட்டுமா?

நித்யா, 8:55
அத்தை, நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா, அதாவது மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற பொருள், இயற்கையாகவே இருக்கிறது. பெரியப்பாவுக்கு எழுதிக்கொடுத்திருக்கிற மாத்திரையும் லெவோடோபாதான், கார்பிடோபாவோடு சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கே தவறிவிடும். வாந்தி, தலைச்சுற்றல், எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குவது எல்லாம் வரலாம். அதனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது, அது ஆபத்து. வாந்தி என்று மெடிக்கலில் நாமாக மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது டோபமினையே தடுக்கிற மருந்து.

லட்சுமி அத்தை, 8:59
சரி தாயி. அனுப்பவில்லை.

பாஸ்கர், 9:20
அப்போது தோளை இனி விட்டுவிடலாமா? மாத்திரையிலேயே சரியாகிவிடுமா?

நித்யா, 9:34
விடவே கூடாது. மாத்திரை தசை இறுக்கத்தைத் தளர்த்தும். சுருங்கிப்போன மூட்டு உறையை அது நீட்டாது, அதற்குப் பயிற்சிதான். ஆனால் இவ்வளவு நாளாகக் காலையில் எழுந்ததும் வெறும் விறைப்போடு சுவரில் விரலை ஏற்றச் சொன்னோம். பாவம், வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இனி மாத்திரை வேலை செய்கிற நேரத்தில், போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துச் செய்யச் சொல்லுங்கள். அதே தோளாகவே இருக்காது.

செல்வி, 9:41
காலையில் மாத்திரையைப் பாலோடுதான் கொடுத்தேன்!

நித்யா, 9:43
தண்ணீரோடு கொடுங்கள் அக்கா, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. பால், பருப்பு, முட்டையில் இருக்கிற புரதம் மருந்தோடு போட்டி போடும், குடலில் மருந்து சரியாக ஏறாது. அதற்காகப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள், அவர் ஏற்கெனவே இளைத்திருக்கிறார். நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். குமட்டினால் ஒரு துண்டு ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுக்கலாம்.

முருகன் சித்தப்பா, 10:02
போன மாசம் குளியலறை வாசலில் விழுந்தாரே?

செல்வி, 10:15
அதையும் சொன்னேன் சித்தப்பா. வாசல்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டதாம், உடம்பு மட்டும் முன்னால் போயிருக்கிறது. நாமாக இருந்தால் கையை ஊன்றியிருப்போம். இறுகிய கை நேரத்துக்கு வரவில்லை, இடுப்போடு விழுந்தார். வெறும் கன்றலோடு போனது குலசாமி புண்ணியம்.

நித்யா, 10:22
எனக்கு அதுதான் பெரிய பயம். நடமாட்டம் குறைந்தால் எலும்பும் மெலியும். இவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது பெரிய பாடு. எலும்பு அடர்த்தி டெஸ்டும் வைட்டமின் டி டெஸ்டும் எடுக்கலாமா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேளுங்கள். அப்பா, குளியலறைச் சுவரில் கைப்பிடி வைக்க ஆள் பாருங்கள். வாசலில் தரைக்குக் குறுக்காகப் பளிச்சென்ற டேப் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒட்டினால், கோட்டைத் தாண்டுகிற நினைப்பில் கால் எழும்பும். நிறையப் பேருக்கு அது உதவுகிறது.

முருகன் சித்தப்பா, 10:26
ஞாயிற்றுக்கிழமை நானே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மஞ்சள் டேப்பும் வாங்கி வருகிறேன்.

பாஸ்கர், 10:31
நான் வெள்ளி ராத்திரி பஸ் ஏறுகிறேன். நித்யா, எழுத்துக்கு ஏதாவது செய்யலாமா?

நித்யா, 10:38
நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுங்கள் அண்ணா. மேல்கோட்டைத் தொடும்படி பெரிதாக எழுத வேண்டும். கண்ணுக்குக் கோடு தெரிந்தால் கை அந்த அளவுக்குப் போகும்.

செல்வி, மாலை 6:20
(படம்)
நோட்டு நானே வாங்கிவிட்டேன். இன்று தண்ணீரோடு மாத்திரை, முக்கால் மணி கழித்துச் சுவர்ப் பயிற்சி. விரல் ஜன்னலின் இரண்டாவது கம்பி வரை ஏறியது, நேற்று முதல் கம்பியிலேயே நின்றது. ஒரு நாளில் எதுவும் சொல்ல முடியாது, தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செல்வி, 6:24
எதை எழுதட்டும் என்றார். உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள் என்றேன். 1987இல் அவரிடம் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பேரை வருகைப் பதிவேட்டு வரிசையில் எழுத ஆரம்பித்துவிட்டார். ஆறாவது பேரில் எழுத்து சின்னதானது. அவரே கண்டுபிடித்து அடித்துவிட்டு, மறுபடியும் பெரிதாக எழுதினார்.

லட்சுமி அத்தை, 6:30
எத்தனை பேர் எழுதினார்?

செல்வி, 6:31
17. மிச்சம் நாளைக்கு என்று நோட்டை மூடித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.