பெயில்மென்ட்டுக்குத் தமிழ்: ‘ஒப்படைப்பு’ போதுமா, ‘கையடை’ ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம். பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவர் கையில் கொடுத்து வைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சட்டச் சொல் ‘பெயில்மென்ட்’ (bailment). நம் சொற்பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளைப் பற்றி எழுதுகிறேன்.

> ‘ஒப்படைப்பு’ எல்லாருக்கும் புரிகிறது. அதையே வைத்துக்கொள்வோமே.

புரிகிறதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அதுதான் என்பதே சிக்கல். கைதியை ஒப்படைக்கிறார்கள், பதவிப் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள், வீடு கட்டி முடித்த கொத்தனார் சாவியை ஒப்படைக்கிறார். சட்டத்துக்குள்ளேயே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை உண்டு. நம்பிக்கை மோசடி வழக்கில் பொருள் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்பதைத்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். ஒரே தீர்ப்பில் இரண்டும் வந்தால் படிப்பவர் திண்டாடிப்போவார்.

பெயில்மென்ட் என்பது குறுகலான சங்கதி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவில் சொல்வது இதுதான்: ஒருவர் ஏதோ ஒரு காரியத்துக்காகப் பொருளை இன்னொருவரிடம் கொடுக்கிறார், காரியம் முடிந்ததும் அது திரும்பி வர வேண்டும், அல்லது கொடுத்தவர் சொன்னபடி போய்ச் சேர வேண்டும். பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும். உரிமை கை மாறுவதில்லை, கைவசம் மட்டுமே மாறுகிறது. சலவைக்குப் போடும் சட்டை, தையற்காரரிடம் கொடுக்கும் துணி, வாடகைச் சைக்கிள், இரவல் வாங்கிய ஏணி, அடகுக் கடையில் இருக்கும் வளையல் எல்லாம் இதில் அடங்கும்.

‘பிணை’ சேர்ந்த சொற்களை முன்மொழிந்தவர்களுக்கு ஒன்று. ஜாமீனைக் குறிக்கும் ‘பெயில்’ இதற்கு உறவுதான். இரண்டும் ‘கையில் கொடு’ என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தவை. ஆனால் சலவைக்காரருக்கு யாரும் ஜாமீன் நிற்பதில்லையே. அதை விட்டுவிடலாம்.

‘அடைக்கலம்’ அழகான சொல். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் விடும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்றுதான் பெயர். ஆனால் அந்தச் சொல்லில் பாதுகாப்பு தூக்கலாக இருக்கிறது. வாடகைச் சைக்கிளை ஓட்டத்தான் எடுக்கிறோம், பாதுகாக்க இல்லை. இலங்கை வழக்கான ‘கையளிப்பு’ நெருங்கி வருகிறது. ஆனால் வீடுகளைப் பயனாளிகளிடம் கையளிப்பது என்றால் அவை திரும்பி வரப்போவதில்லை.

என் பரிந்துரை ‘கையடை’. புதிதாகச் செய்த சொல் அல்ல. கம்பராமாயணத்தில் விசுவாமித்திரர் வேள்வி காக்க இராமனைக் கேட்டு அழைத்துப் போகும் பகுதியின் பெயர் கையடைப் படலம். ஒரு காரியத்துக்காகக் கேட்டு வாங்குகிறார், காரியம் முடிகிறது. இராமன் அசையும் பொருளா என்று வழக்கறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சொல்லின் போக்கைத்தான் பார்க்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது முன்னால் நிற்கும் ‘கை’. இந்தச் சட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1938இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சட்டக் கல்லூரியில் தவறாமல் வரும். ஓர் அம்மாள் பழைய நகைகளை உருக்கிப் புது நகை செய்யப் பத்தரிடம் கொடுக்கிறார். தினமும் மாலையில் பாதி செய்த நகைகளை வாங்கி, பத்தர் வீட்டில் உள்ள ஒரு பெட்டியிலேயே வைத்துப் பூட்டி, சாவியைத் தானே எடுத்துப் போகிறார். ஒரு நாள் இரவு நகை திருட்டுப் போய்விட்டது. பத்தர்தான் பொறுப்பு என்று வழக்குப் போட்டார், தோற்றார். ஒவ்வொரு மாலையும் நகை அந்த அம்மாள் கைவசம் திரும்பிவிட்டது, அதனால் இரவில் அங்கே பெயில்மென்ட் இல்லை என்றது நீதிமன்றம். பெட்டி இருந்த இடம் பத்தர் வீடுதான், ஆனால் சாவி யார் கையில்? இந்தத் தீர்ப்பை ‘ஒப்படைப்பு’ வைத்து எழுதினால் சுற்றி வளைக்க வேண்டும். ‘இரவில் நகை கையடையாக இல்லை’ என்றால் முடிந்தது.

இதே வரியில் பணத்தையும் கவனியுங்கள். வங்கியில் போட்ட பணம் கையடை ஆகாது. போட்ட அதே நோட்டு திரும்பி வராது, வங்கி நமக்குக் கடனாளி, அவ்வளவுதான். நம் ஆட்கள் இதை எப்போதோ பிரித்துவிட்டார்கள்: கொடுத்த அதே ஏணி திரும்பினால் இரவல், பக்கத்து வீட்டில் வாங்கிய அரிசிக்கு அதே அளவு வேறு அரிசி கொடுத்தால், குறளில் வரும் ‘குறியெதிர்ப்பை’. ரோமானியச் சட்டமும் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தது.

ஆட்களுக்கு: கையடை கொடுத்தவர், கையடை பெற்றவர். நீளம்தான். ‘கையடைஞர்’ என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், வேண்டாம்.

---

> ஐயா, நல்ல சொல். ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது. தெருவில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவரை யாரும் நம்பிக் கொடுக்கவில்லை, அவரை எப்படிக் ‘கையடை பெற்றவர்’ என்பது? அடுத்து, கூலி வாங்காமல் உதவியாக வைத்திருப்பவருக்கும் இதே சொல்லா? தெருவில் நடைமுறை அப்படி இல்லையே.

முதல் கேள்விக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு கண்டெடுத்தவரைப் பெயிலீ (பெயில்மென்ட்டில் பொருளைப் பெற்றவர்) என்று சொல்லவில்லை, பெயிலீக்கு உள்ள அதே பொறுப்பு அவருக்கும் உண்டு என்கிறது. ‘கண்டெடுத்து வைத்துக்கொண்டவருக்கும் கையடை பெற்றவரின் பொறுப்பு உண்டு’ என்று எழுதினால் சரியாகவே நிற்கிறது.

இரண்டாவதற்கு, ஆமாம், இதே சொல்தான். 1703இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒருவர் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்குக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கவனக்குறைவால் பிராந்தி கொட்டிப்போனது. சும்மா செய்தாலும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பானது. அங்கே கூலிக்கும் சும்மாவுக்கும் கவனத்தின் அளவு வேறாக இருந்தது. நம் 151ஆம் பிரிவு அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது: சாதாரண விவேகம் உள்ளவர் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ, எல்லாக் கையடைக்கும் அதுதான் அளவு. எனவே ‘இலவசக் கையடை’, ‘கூலிக் கையடை’ என்று அடைமொழி போதும்.

ஒரு சேர்க்கை. சலவைக்காரர் நம் துணியை வேறொரு சலவைக்கூடத்துக்கு அனுப்பினால்? உள்வாடகை, உள்குத்தகை ஏற்கெனவே வழக்கில் இருக்கின்றன. ‘உள்கையடை’ என்று பட்டியலில் ஏற்றட்டுமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.