குட்டி நாய் ஆட்டை முன்னாடி ஓட்ட மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

கேள்வி: எங்க பார்டர் கோலிக்கு (ஆடு மேய்க்கிற நாய் இனம்) ஒரு வயசு ஆகுது, மந்தையை வளைச்சு என்கிட்ட கொண்டு வர்றதுல கெட்டி, ஆனா என்னை விட்டு தள்ளி ஓட்டச் சொன்னா உடனே சுத்திப்போய் எதிர்ல நின்னுடுது. எப்படிப் பழக்குறது?

பதில் 1: அது தப்பே இல்லைங்க, இந்த இனத்தோட ரத்தத்துலயே ஆட்டை ஆள்கிட்ட திருப்பி விடுற குணம்தான் இருக்கு, ஓட்டுறது அதுக்கு நேரெதிர். வேலி ஓரமா ஆடுங்களை நடக்க விட்டு நாய்க்குப் பக்கத்துலயே நீங்களும் பின்னாடி நடங்க, ஒரு பக்கம் வேலி அடைச்சிடும், திறந்த பக்கம் நீங்க இருக்கணும். நாலு அடி நேரா போனாலே பாராட்டி நிறுத்திடுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீங்க பின்தங்குங்க.

பதில் 2: அதுக்கு முன்னாடி, 'நில்லு'ன்னு சொன்னா நாய் நிக்குதா பாருங்க, அது வராம இதை ஆரம்பிக்கவே வேண்டாம். நாய்க்குப் பழகின சாதுவான ஆடுங்களா நாலஞ்சு போதும், மிரள்ற ஆடுன்னா ஓடும், நாயும் முந்தப் பாயும்.

கேள்வி கேட்டவர்: நில்லு பாதிதாங்க வருது, முதல்ல அதைச் சரி பண்றேன்.

பதில் 1: முந்தப் போனா திட்டாதீங்க ப்ளீஸ், நிறுத்தி பின்னாடி கூப்பிட்டு மறுபடி ஆரம்பிங்க, திட்டினா ஆட்டுப்பக்கமே வராது.