84 நாள் பிரசவ லீவு முடிஞ்சுது – புதுப்பிப்பு

போன மாசம் இதிலதான் அழுதழுது எழுதினனான், லீவு முடியுது, பிள்ளையை அம்மாட்ட விட்டிட்டு டவுனுக்கு வேலைக்குப் போகோணும், பால்மாவுக்கு மாத்துறதோ வேலையை விடுறதோ எண்டு. ரெண்டும் செய்யேல்ல.

இதில ஒரு அக்கா சொன்ன மாதிரி மனேஜரிட்ட நேர போய்க் கதைச்சன், ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய்க்கு நாளைக்கு ரெண்டு இடைவேளை இலங்கைச் சட்டத்திலயே இருக்கு, வேலையிடத்தில பிள்ளை பாக்கிற இடம் இல்லாட்டி ஒவ்வொண்டும் ஒரு மணித்தியாலம். அவருக்கும் அது தெரியேல்ல, ஆனா உடன ஓம் எண்டிட்டார், அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

இப்ப 11 மணிக்கு ஸ்கூட்டியில கோண்டாவில்ல இருக்கிற அம்மா வீட்டை ஓடிப்போறன். படலை திறக்கிற சத்தம் கேட்டாலே அம்மம்மாட தோளில இருந்து தலையைத் திருப்பிறாள், எனக்கு நெஞ்சு நிறைஞ்சிடும். மிச்ச நேரத்துக்குக் காலமை எடுத்து வச்ச பால், பிரிட்ஜில 4 நாள் வைக்கலாம், வெளியில 4 மணித்தியாலம்தான், எங்கட வெக்கைக்கு நான் அவ்வளவும் விடுறேல்ல. போத்தில்ல பிளாஸ்டர் ஒட்டி அம்மா நேரம் எழுதி வைப்பா.

அரசாங்க வேலை செய்யிற பிள்ளையள், உங்களுக்கு முழுச் சம்பள லீவு முடிய அரைச் சம்பளத்தில இன்னும் 84 நாள் இருக்கு, வெக்கப்படாமக் கேளுங்கோ.