பெடல் கீழ போகுது, ஒயில் குறையேல்ல – அவசரம்

வெள்ளவத்தை_100 | செவ்வாய், காலை 7.10
வணக்கம். பிரேக் பெடல் நல்லாக் கீழ போகுது. ரெண்டாந்தரம் அமத்தினா மேல வருது. பிரேக் ஒயில் போத்தில் நிறைய இருக்கு, லீக் ஒண்டும் இல்லை. கராஜ் பாஸ் (மெக்கானிக்), மாஸ்டர் பம்ப் மாத்தச் சொல்றார், பெடலை அமத்தேக்க ஒயிலைத் தள்ளுற சாமான். பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடையில பழசு எடுக்கிறதா, புதுசு எடுக்கிறதா? இண்டைக்கே சொல்லவேணும். தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

ஸ்பனர்_பத்து | 7.31
என்ன கார்? எத்தனையாம் ஆண்டு? பின்னுக்கு ட்ரம்மா, டிஸ்க்கா? ஏபிஎஸ் இருக்கா? கடைசியா பிரேக்கில என்ன வேலை செய்தது, எப்ப?

மருதானை_நானா | 7.44
பிரேக் ஒயில் லைனுக்குள்ள எயார் புகுந்திருக்கும். நாலு சில்லிலயும் எயார் எடுங்க, வேலை முடிஞ்சுது. இதுக்குப் போய் மாஸ்டர் பம்ப் மாத்துவாங்களா?

ஹைட்ரோலிக் | 8.05
"கீழ போகுது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. முதல் மிதியிலேயே தாழ்வாக இருந்து அடுத்த மிதியில் உயர்வது ஒரு நோய். காலை அழுத்தி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்குவது வேறொரு நோய். எத்தனை தரம் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை.

பழைய கார் என்றால் என் சந்தேகம் மாஸ்டர்தான். எயார் எடுக்கும்போது பெடலைத் தட்டுவரை அமத்துவார்கள். மற்ற நாளில் பிஸ்டன் அவ்வளவு தூரம் போவதில்லை. அந்தக் கடைசிப் பகுதியில் சிலிண்டர் சுவரில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். சீல் அதில் உரசிக் கிழியும். எயார் எடுத்த மறுநாளே பெடல் விழுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு எயார் எடுக்க எத்தனை பாஸ்மாருக்குத் தெரியும்?

வெள்ளவத்தை_100 | 9.20
மன்னிக்கோணும், அவசரத்தில எழுதினது. கொரோலா 100, 93ஆம் ஆண்டு, மனுவல் கியர். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். ஏபிஎஸ் இல்லை. முன் பிரேக் பாட் போன வருசம்தான் போட்டது.

கொட்டாஞ்சேனை_டிஎக்ஸ் | 9.36
காலை பெடலில வச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. கீழ இறங்கினா பூஸ்டர் (எஞ்சின் வாக்குவத்தால மிதிக்கு உதவுற சாமான்) பழுது.

ஸ்பனர்_பத்து | 9.48
தலைகீழாச் சொல்லிப்போட்டியள். எஞ்சினை நிப்பாட்டி நாலைஞ்சு தரம் மிதிச்சு வாக்குவத்தை வெளியேத்தவேணும். பிறகு அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணேக்க பெடல் கொஞ்சம் இறங்கினா பூஸ்டர் நல்லது. இறங்காட்டித்தான் பூஸ்டர், வாக்குவம் ஹோஸ், அதில இருக்கிற ஒருவழி வால்வு எண்டு பாக்கவேணும். அந்தச் சின்ன இறக்கத்தைக் கண்டு பயந்து நல்ல பூஸ்டரைக் கழட்டி எறிஞ்சாக்கள் கனபேர்.

ட்ரம்_லைனர் | 10.15
தம்பி, ஒண்டும் வாங்காதேங்கோ. காசு செலவில்லாத ரெண்டு சோதனை இருக்கு. முதல் அதைச் செய்யுங்கோ.

ஒண்டு: எஞ்சினை நிப்பாட்டி, வாக்குவத்தை வெளியேத்திப்போட்டு, பெடலை அளவா அமத்தி 30 செக்கன் பிடிச்சிருங்கோ. மெல்ல இறங்கினா ஒண்டில் வெளிய எங்கயோ லீக், இல்லாட்டி மாஸ்டருக்குள்ள சீல் தாண்டி ஒயில் போகுது. இறங்காம நிண்டா மாஸ்டரை விடுங்கோ.

ரெண்டு: ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துப்போட்டு பெடலை ஒருக்கா மிதியுங்கோ. இழுக்கேக்க மட்டும் பெடல் மேல நிண்டா, பின் ஷூவுக்கும் (ட்ரம்முக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற கட்டை) ட்ரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு எண்டு அர்த்தம். எயார் எண்டா ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் பஞ்சு மாதிரித்தான் இருக்கும்.

இது தெரியிற வரைக்கும் கொழும்புக் காலி வீதியில காரை இறக்காதேங்கோ.

மருதானை_நானா | 10.40
அப்படியே ஒயிலையும் மாத்துங்க. டொட் 5 ரக ஒயில் ஊத்தினா தண்ணி பிடிக்காது, கொழும்பு ஈரத்துக்கு அதுதான் சரி.

ஸ்பனர்_பத்து | 10.44
நானா, கடவுளே எண்டு அதைச் சொல்லாதேங்கோ. டொட் 5 சிலிக்கோன். டொட் 3, 4, 5.1 மூண்டும் கிளைக்கோல். பழைய ஒயில் இருக்கிற லைனுக்குள்ள சிலிக்கோனை ஊத்தினா ரெண்டும் கலவாது. தண்ணி பிடிக்காதெண்டா தண்ணி இல்லாமப் போகுதெண்டு இல்லை. ஒரு பள்ளத்தில, அநேகமா முன் டிஸ்க்கைப் பிடிக்கிற கலிப்பருக்குள்ள, தனியத் தேங்கி நிக்கும்.

ஹைட்ரோலிக் | 11.02
5க்கும் 5.1க்கும் வித்தியாசம் தெரியாமல் ஆலோசனை சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. புது டொட் 3 கொதிக்கும் அளவு 205 பாகை, ஈரம் பிடித்தபின் 140. டொட் 4 என்றால் 230, 155. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்குகிறவர் டொட் 4 ஊற்றட்டும்.

கொட்டாஞ்சேனை_டிஎக்ஸ் | 11.10
ஒயில் போத்தில் மூடியில டொட் 3 எண்டுதான் போட்டிருக்கும். ரெண்டாம் கியரில இறங்கினா டொட் 3 காணும். ஒயிலைக் குறை சொல்லிக்கொண்டு நியூட்ரலில இறங்கிறவனை என்ன செய்யிறது?

ஹைட்ரோலிக் | 11.13
கியர் வேறு, ஒயில் வேறு.

கொட்டாஞ்சேனை_டிஎக்ஸ் | 11.15
ஒயிலைக் கொதிக்க வைக்கிறதே கியர் போடாத கால்தானே ஐயா.

வெள்ளவத்தை_100 | பிற்பகல் 1.25
செய்து பாத்தன். 30 செக்கன் அமத்தினன், அசையேல்ல. ஹேண்ட்பிரேக் இழுத்தா பெடல் மேல நிக்குது. விட்டா பழையபடி. ஓ, சொல்ல மறந்திட்டன், பின் ஷூ ரெண்டு பக்கமும் மாத்தி ஒரு மாசம். காரை எடுத்த அண்டைக்கு நல்லாத்தான் இருந்தது, போகப் போகத்தான் இப்படி. ஹேண்ட்பிரேக்கும் மேல வருது எண்டு போன கிழமை கேபிளை இறுக்கித் தந்தவை.

ஸ்பனர்_பத்து | 1.31
இதைக் காலமை 7.31க்குக் கேட்டனான்.

ட்ரம்_லைனர் | 2.20
"எடுத்த அண்டைக்கு நல்லா இருந்தது, போகப் போக இப்படி" எண்டதில விசயம் இருக்கு. எயார் விட்டுப் பூட்டியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். உங்கட அட்ஜஸ்டர் ரெண்டும் இடம் வலம் மாறியிருக்கும் எண்டு நினைக்கிறன்.

இந்தக் காரில ஹேண்ட்பிரேக் இழுத்து விடேக்க ஒரு சின்ன லீவர் அட்ஜஸ்டரின்ர நட்சத்திரப் பல்லைத் தட்டும். ஷூ தேயத் தேய அட்ஜஸ்டர் நீண்டு இடைவெளியை எடுக்கும். ஒரு பக்கத்து மரை வலம்புரி, மற்றது இடம்புரி. ரெண்டு ட்ரம்மையும் ஒண்டாக் கழட்டி, சாமானெல்லாத்தையும் ஒரே தட்டில போட்டுக் கழுவினா மாறத்தான் செய்யும். மாறிப் பூட்டினா ஒவ்வொரு இழுவைக்கும் நீளுறதுக்குப் பதிலாக் கட்டையாகும். ஷூ தள்ளிப்போகும். முதல் மிதியில வாற ஒயில் முழுக்க அந்த இடைவெளியை நிரப்பவே முடிஞ்சிடும். ஸ்பிரிங் ஷூவைப் பின்னுக்கு இழுக்க முந்தி ரெண்டாம் மிதி விழுறதால பெடல் மேல வருது.

கேபிளை இறுக்கினது அடுத்த பிழை. இறுகின கேபிள் லீவரைத் திரும்பி வந்து இருக்க விடாது. சரியாப் பூட்டின அட்ஜஸ்டரும் அதோட வேலை செய்யாது.

முன் சில்லுக்குக் கட்டை வையுங்கோ. பின்னுக்கு ஜக் போட்டு ஸ்டாண்டில நிப்பாட்டுங்கோ, ஜக்கை மட்டும் நம்பாதேங்கோ. ஹேண்ட்பிரேக்கை விட்டு, லீவரடியில கேபிள் நட்டைத் தளத்துங்கோ. ட்ரம் வராட்டி சுத்தியலால அடிக்கவேண்டாம். முகப்பில மரை வெட்டின ரெண்டு துளை இருக்கு. 8 மி.மீ. போல்ட் ரெண்டு போட்டு மாறி மாறி அரைச் சுத்துச் சுத்தா இறுக்கினா ட்ரம் தானா வெளிய வரும். தூசியை எயாரால ஊதாதேங்கோ, பழைய லைனரில (ஷூவின்ர உரசுற மேல்பட்டை) அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். நனைச்சுத் துடையுங்கோ.

ட்ரம் கழண்டதும் ஹேண்ட்பிரேக் லீவரை விரலால முன்னுக்குப் பின்னுக்கு அசைச்சு வடிவாப் பாருங்கோ. நட்சத்திரம் சுத்தி அட்ஜஸ்டர் நீண்டா சரி, கட்டையானா மாறியிருக்கு. மாத்தேக்க மரைக்கும், ட்ரம்முக்குப் பின்னால இருக்கிற பாக்கிங் பிளேட்டில ஷூ உரசுற மேடுகளுக்கும் சூடு தாங்கிற கிரீஸ் மெல்லிசாப் பூசுங்கோ, லைனரில படக்கூடாது. ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரின்ர ரப்பர் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கோ. உள்ள ஈரமெண்டா சீல் போயிட்டுது. லைனர் ஒயிலில நனையுற வரைக்கும் வெளிய ஒண்டும் தெரியாது.

வேர்னியரால ட்ரம்மின்ர உள்விட்டத்தை அளந்து, ஷூவின்ர வெளிவிட்டம் அதைவிட 0.6 மி.மீ. குறைய இருக்கிற மாதிரி நட்சத்திரத்தைத் திருப்புங்கோ. வேர்னியர் இல்லாட்டி, ட்ரம்மைப் போட்டுக் கையால சுத்தேக்க மெல்லிசா உரசுற சத்தம் கேக்கவேணும், பிடிக்கக்கூடாது. பெடலை ஏழெட்டுத் தரம் மிதிச்சு ஷூவை நடுவுக்குக் கொண்டு வந்திட்டு, கடைசியாத்தான் கேபிள். 4 முதல் 7 கிளிக்குக்குள்ள பிடிச்சாக் காணும்.

ஹைட்ரோலிக் | 2.41
30 செக்கன் சோதனை எல்லா மாஸ்டரையும் காட்டிக்கொடுக்காது. மெதுவாக மிதித்தால் மட்டும் இறங்கும் சீலும் உண்டு. அதையும் பார்க்கட்டும்.

ட்ரம்_லைனர் | 2.50
சரி. மெதுவா அமத்தியும் பாக்கட்டும். ஹேண்ட்பிரேக் இழுத்தா ஏன் மேல வருது எண்டதுக்கு உங்கட மாஸ்டர் என்ன சொல்றார்?

மருதானை_நானா | 3.05
பஞ்சிகாவத்தையில பழைய மாஸ்டர் எடுக்கிறவங்க ஓட்டையில விரலை விட்டுத் தடவிப் பாக்கணும். சொரசொரப்பா இருந்தா வாசர் கிட் (புது சீல் செட்) போட்டும் வேலையில்லை.

கொட்டாஞ்சேனை_டிஎக்ஸ் | 3.12
மாஸ்டரே வேண்டாமெண்டு சொல்லியாச்சு நானா.

வெள்ளவத்தை_100 | வியாழன், இரவு 9.40
ரெண்டு பக்கமும் மாறித்தான் இருந்தது. மாத்திப் பூட்டியாச்சு. பெடல் மேல. ஹேண்ட்பிரேக் 5 கிளிக். எல்லாருக்கும் நன்றி.

ட்ரம்_லைனர் | 9.58
வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பாத்தனீங்களா? ஈரம் இருந்ததா?

மருதானை_நானா | வெள்ளி, காலை 6.50
ஒயில் என்ன ஊத்தினீங்க, 3ஆ 4ஆ?