34 வயது, புகைப்பழக்கம் இல்லை, நுரையீரல் புற்று: ஜீன் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

நொய்யல்கரை:
தங்கை வீட்டுக்காரருக்கு நுரையீரல் அடினோகார்சினோமா (சுரப்பி செல்களில் தொடங்கும் புற்று), 4ஆம் நிலை. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரே நிழலை வைத்து டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள், ஆறு வாரமாகியும் நிழல் குறையவில்லை. பிறகுதான் சிடி, பயாப்ஸி எல்லாம். முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது. பிடி-எல்1 (புற்று செல் மேலிருக்கும் ஒரு புரதம்) 70% என்று வந்ததால் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி) உடனே போடலாம் என்கிறார்கள். ஜீன் ரிப்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். என்ன செய்வது? டிபி மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வார்டு_ரவுண்ட்ஸ்:
இம்யூனோதெரபியை இப்போது போட வேண்டாம் என்று டாக்டரிடம் பேசுங்கள். இளவயது, புகை இல்லை, அடினோ என்றால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 ஜீன் மாற்றங்களில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு. அவை இருந்தால் பிடி-எல்1 எவ்வளவு ஏறியிருந்தாலும் இம்யூனோவால் பெரிய பலன் கிடைப்பதில்லை. அதைவிட முக்கியம், அந்த ஊசி மருந்து உடம்பில் மாதக்கணக்கில் வேலை செய்யும். அதன் பின்னால் ஓசிமெர்டினிப் (ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான மாத்திரை) ஆரம்பித்தால் நுரையீரல் அழற்சி வருகிற அபாயம் கூடும்.

மூச்சுத்திணறல் இல்லாமல் நடமாடுகிறார் என்றால் இரண்டு வாரம் காத்திருக்கலாம். முடியாத நிலை என்றால் முதல் சுற்று கார்போபிளாட்டின், பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்துகள் மட்டும், இம்யூனோ சேர்க்காமல். பெமெட்ரெக்ஸெட்டுக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 1000 மைக்ரோகிராம் ஊசியும் ஆரம்பிக்க வேண்டும், கடைசி நாளில் ஞாபகம் வந்து பயனில்லை. மூளைக்கு கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? கால் மரத்தாலோ சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். தண்டுவடம் அழுந்துகிறது என்று அர்த்தம்.

பாரஃபின்_பிளாக்:
என்ஜிஎஸ் (பல ஜீன்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனை) முழுதாக வரட்டும் என்று சும்மா இருக்க வேண்டாம். ஏஎல்கே-வை டி5எஃப்3 ஆன்டிபாடி ஐஹெச்சி-யில் (திசுவிலுள்ள புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பது) சில நாட்களில் பார்த்துவிடலாம். ஈஜிஎஃப்ஆர் பிசிஆரும் அப்படியே. ஆர்ஓஎஸ்1 ஐஹெச்சி பாசிட்டிவ் என்றால் மட்டும் ஃபிஷ் (ஒளிரும் சாயத்தால் ஜீனைப் பார்ப்பது) அல்லது என்ஜிஎஸ்ஸில் உறுதிசெய்ய வேண்டும். பயாப்ஸி எங்கிருந்து எடுத்தது?

நொய்யல்கரை:
முதுகெலும்பிலிருந்து, சார்.

பாரஃபின்_பிளாக்:
அப்படியானால் லேபில் ஒரே கேள்வி: எலும்பை மென்மையாக்க ஆசிட் போட்டார்களா, இடிடிஏ (ஆசிட்டைவிட மென்மையான ரசாயனம்) போட்டார்களா? ஆசிட் என்றால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். அந்த பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுவில்) ‘மாற்றம் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் நம்ப முடியாது. நுரையீரலிலிருந்து புதிதாக எடுப்பதே மேல். நெஞ்சில் நீர் கட்டியிருந்தால் அதை வடித்து, அதிலுள்ள செல்களைச் சேர்த்து செல் பிளாக் போடலாம்.

கூடவே லிக்விட் பயாப்ஸிக்கு (ரத்தத்தில் புற்றின் டிஎன்ஏ-வைத் தேடுவது) ஸ்ட்ரெக் ட்யூபில் (டிஎன்ஏ கெடாமல் வைக்கும் குழாய்) ரத்தம் அனுப்புங்கள். அதில் பாசிட்டிவ் வந்தால் மருந்து தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால் ஒன்றுமே தெரியவில்லை என்று பொருள். ஏஎல்கே மாதிரி ஃப்யூஷன்கள் (இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்ளும் மாற்றங்கள்) ரத்தத்தில் தவறிப்போவது சகஜம்.

மருந்துச்_சீட்டு:
டிபி மாத்திரையை யாரும் பேசவில்லையே! அதிலுள்ள ரிஃபாம்பிசின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் என்சைமைத் தூண்டி ஓசிமெர்டினிப் அளவை இறக்கிவிடும். 80 மி.கி. போதாமல் 160 ஆக்க வேண்டிவரும். லார்லாடினிபோடு (ஏஎல்கே மாற்றத்துக்கான மாத்திரை) சேர்க்கவே கூடாது, கல்லீரல் கடுமையாகப் பாதிக்கும். நிறுத்திய பிறகும் இந்தத் தூண்டுதல் அடங்க சுமார் இரண்டு வாரம் ஆகும். அதனால் ஜீன் ரிப்போர்ட் வரும் முன்பே நெஞ்சக மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், டிபியும் புற்றும் ஒரே ஆளுக்கு இருப்பதுண்டு. பயாப்ஸித் திசுவில் ஜீன்எக்ஸ்பர்ட், கல்ச்சர் (இரண்டும் டிபி பரிசோதனைகள்) பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள்.