அப்பாவின் நடையை வோச் எண்ணுதில்லை, யாராவது வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. கனடாவில் இருக்கும் அண்ணா அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் வோச் அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது, கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்கால் கரையோடு தினமும் வயலுக்குப் போய்வருவார், அதுவும் கரியரில் தண்ணீர்க் கானைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு. ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு வந்தால் வோச் 600 ஸ்டெப் என்கிறது! கை ஆடுவதை வைத்துத்தான் அது எண்ணும், ஹாண்டிலைப் பிடித்த கை எங்கே ஆடும்? ஆனால் கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தால் மட்டும் ஸ்டெப் கூடுகிறது.

சரி, இதயத்துடிப்பைப் பார்ப்போமென்றால் அவர் பிரஷருக்கு பீட்டா புளொக்கர் எடுக்கிறார். அது துடிப்பைக் குறைத்து வைப்பதால், வேர்த்துக் கொட்டினாலும் லேசான நடை என்றே காட்டுகிறது. முதியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அப்பா மூன்று நாளிலேயே தாண்டிவிடுவார், அண்ணாதான் அங்கிருந்து போனைப் பார்த்துவிட்டு "அப்பா நடக்கிறதே இல்லை" என்று என்னை ஏசுகிறார்.

கணுக்காலில் கட்டினால் சரியாக எண்ணுமா? இடுப்பில் கொளுவும் கருவி யாராவது பாவித்திருக்கிறீர்களா? போனைச் சட்டைப்பையில் வைக்கலாமென்றால் அவர் வயலுக்குச் சட்டை போட்டால்தானே, சாரத்து மடியில் செருகி ஒருக்கா வாய்க்காலுக்குள் விழுத்தியும் விட்டார்.